நைட்டியாகத் தெரியாத பூப்போட்ட டிரெஸ்: லண்டன் குளிருக்கு எவை தேறுகின்றன

கோடை முடிகிற சமயத்தில் லண்டன் கடைகளில் பூப்போட்ட மிடி டிரெஸ்களின் விலையைக் குறைத்துப் போடுவார்கள். வாங்க நல்ல நேரம் அதுதான். வாங்கியதை அடுத்த மே மாதம் வரை அலமாரியில் பூட்டி வைக்கத் தேவையில்லை. அக்டோபரில் பகலில் 15 டிகிரி, ஜனவரியில் பகலில் 8, விடியற்காலையில் 2 அல்லது 3 என்பதுதான் லண்டன் குளிர். டொரொண்டோவில் போல மைனஸ் பத்துக்கு இறங்கி வாரக்கணக்கில் நிற்கும் குளிர் அல்ல. உள்ளே போடுவதும் காலுக்குப் போடுவதும் சரியாக இருந்தால் ஒரே டிரெஸ்ஸைக் கோடை, குளிர் இரண்டுக்கும் உடுத்தலாம்.

குளிரைவிட நம் பெண்களைத் தடுப்பது இன்னொன்று. டிரெஸ்ஸுக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால், நைட்டியோடு பால் வாங்கக் கிளம்பியது போலத் தெரிகிறது. அந்தக் கூச்சம் நியாயமானதுதான். நைட்டியின் வெட்டைக் கவனியுங்கள்: மார்புக்கு மேல் ஒரு பட்டி, அதிலிருந்து நேராக இறங்கும் சுருக்கம், இடுப்பே இல்லாத வடிவம், வெளிர் நிறத்தில் இடைவெளி இல்லாமல் சிதறிய சின்னப் பூக்கள், கணுக்கால் வரை நீளம். கடையில் மிடி என்று விற்கும் பல டிரெஸ்களில் இவற்றில் இரண்டு மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. கோடையில் வெறும் காலும் செருப்பும் அதைச் சமாளித்துவிடும். குளிருக்கு இடுப்பை மூடும் தடித்த ஸ்வெட்டர் மேலே ஏறியதும் மிச்சம் இருந்த வடிவமும் போய்விடுகிறது.

ஆகவே இங்கே ஒவ்வொரு பொருளையும் ஒரே அளவுகோலால்தான் பார்த்திருக்கிறோம். சூடு உள்பக்கத்திலிருந்து வர வேண்டும், வெளிப்பக்கம் வடிவத்துக்கு மட்டும். எந்தத் துணியும் உள்ளாடையும் காலணியும் இதற்கு உதவுகிறதோ அது தேறும். தனியாக எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் இதைக் கெடுத்தால் தேறாது.

துணி

பிரிட்டிஷ் கடைகளில் பூப்போட்ட மிடி பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் வகை. குளிருக்கும் இதையே முதலில் சொல்வோம். உடம்போடு விழும், உப்பி நிற்காது, சாயம் ஆழமாகப் பிடிக்கும். காற்றின் ஈரத்தை விஸ்கோஸ் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் டிரெஸ் காலோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை பாலியஸ்டரில் அதிகமாகவும் விஸ்கோஸில் குறைவாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். விஸ்கோஸின் பலவீனம் தண்ணீர். நனைந்தால் இழை வலுவிழக்கும், முதல் சலவையில் நீளம் குறையும், அதிலும் சுருக்கு நெசவான கிரேப் இன்னும் அதிகமாகக் குறையும். வாங்கும்போது நீளத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பது நல்லது.

மெல்லிய விஸ்கோஸா, குளிருக்கு ஏற்ற கனமான விஸ்கோஸா என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள். கடையில் ஒரு சோதனை உண்டு: துணியை ஒற்றையாக விரித்துக் கையை உள்ளே விட்டு விளக்குக்கு எதிரே பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெரிந்தால் அது கோடைத் துணி. கை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் அக்டோபருக்குப் போதும். ஒன்றுமே தெரியாவிட்டால் ஜனவரிக்கும் ஆகும்.

பாலியஸ்டர் ஷிஃபானைக் குளிருக்கு வாங்க வேண்டாம். காற்று உள்ளே புகும், டைட்ஸ் எனப்படும் இடுப்பு வரையிலான ஒட்டிய காலுறையின் மேல் ஒட்டும், குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் சட்டையின் தையல் கோடு வெளியே தெரியும். பாலியஸ்டர் கிரேப் பரவாயில்லை. கசங்காது, மழையில் நனைந்தால் சீக்கிரம் காயும். அதற்குக் கீழே எந்த உள்பாவாடை போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் கதி. பின்னால் சொல்கிறோம்.

பூப்போட்ட பருத்தி என்றால் லண்டனில் லிபர்ட்டி கடையின் டானா லான்தான். 1875இல் தொடங்கிய கடை அது. எத்தியோப்பியாவின் டானா ஏரிப் பக்கத்துப் பருத்தியிலிருந்து இந்தத் துணிக்குப் பெயர் வந்தது. நீண்ட இழைப் பருத்தி என்பதால் கைக்குப் பட்டுப் போல மென்மையாக இருக்கும். பூவின் ஓரம் கத்தரித்தது போல் துல்லியமாக விழும், வருடக்கணக்கில் துவைத்தாலும் நிறம் மங்குவது குறைவு. மீட்டர் 30 பவுண்டுக்கு மேல், நீளக் கை மிடிக்கு 3 முதல் 3.5 மீட்டர் வேண்டும், தையல் கூலி தனி. இந்த விலைக்குத் தகுதியான துணிதான். குளிருக்கு மட்டும் தனியாக நிற்காது. மிக மெல்லியது என்பதோடு, பருத்தியாகையால் டைட்ஸின் மேல் வழுக்காமல் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கால்களுக்கு நடுவே ஏறும். முழு லைனிங் வைத்துத் தைத்தால் நவம்பர் வரை உடுத்தலாம். அதற்கு மேல் டானா லானில் காசு போடுவதைவிட நீடில்கார்டு எனப்படும் மெல்லிய கார்டுராயில் போடுவதே புத்திசாலித்தனம்.

அந்த நீடில்கார்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். அங்குலத்துக்கு 16 கோடுகளுக்கு மேல் இருக்கும் நுண்ணிய கார்டுராய் அது; குழந்தைகள் உடுப்பில் பார்த்திருப்பீர்கள். அதில் அச்சடித்த பூவின் நிறம் இழைமுடிக்குள் இறங்கி ஆழமாகத் தெரியும். துணியே தன் வடிவத்தில் நிற்கும் என்பதால் உள்ளே தெர்மல் இருப்பது வெளியே தெரியாது. குளிருக்கென்று ஒரே ஒரு பூப்போட்ட டிரெஸ் வாங்கப்போகிறவர்கள் இதில் வாங்கட்டும். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இழைமுடி டைட்ஸைக் கவ்விப் பிடிக்கும், ஆகவே லைனிங் அல்லது ஸ்லிப் எனப்படும் வழுவழுப்பான உள்பாவாடை இல்லாமல் போடவே முடியாது. கொசுவம் வைத்த பாவாடை வெட்டில் இது உப்பி நின்று உடம்பைப் பெரிதாக்கும். பேனல் வைத்து வெட்டிய ஏ-லைன்தான் இதற்கு ஏற்றது. அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த கார்டுராய் டிரெஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

பழைய துணிகளை விற்கும் சாரிட்டி கடைகளில் எப்போதாவது வூல் ஷாலி என்னும் மெல்லிய கம்பளியில் பூப்போட்ட டிரெஸ் கிடைக்கும். விஸ்கோஸ் போல விழும், கம்பளி போலச் சூடு காக்கும். அக்குள், முழங்கைப் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

பூவும் நிறமும்

குளிருக்கு அடர்ந்த அடிநிறம் எடுங்கள்: கறுப்பு, கருநீலம், பாட்டில் பச்சை, அரக்கு, செங்கல் நிறம். லண்டனின் சாம்பல் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளும் ரோஸும் சாயம் போன மாதிரித் தெரியும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் கால். குளிரில் கால் கறுத்த டைட்ஸுக்குள் போய்விடும். வெளிர் டிரெஸ்ஸுக்குக் கீழே கறுப்புக் கால் வந்தால் பாவாடை ஓரத்தில் உருவம் இரண்டாக வெட்டுப்படும், உயரம் குறைந்து தெரியும். அடிநிறமும் டைட்ஸும் பூட்ஸும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் கண் தடையில்லாமல் கீழே இறங்கும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கும் கடுகு மஞ்சளும் கலந்த பூக்கள் மிக நன்றாக எடுக்கும்.

பூவின் அளவும் இடைவெளியும் அடுத்தது. மிளகு அளவுப் பூக்கள் நெருங்கிச் சிதறியிருந்தால் தூரத்திலிருந்து பார்க்க எல்லாம் கலந்து மங்கலாகும். நைட்டித் துணியின் அடையாளம் அதுதான். எலுமிச்சை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை, நடுவே அடிநிறம் நன்றாகத் தெரியும்படி இருப்பது குளிர்காலத்துக்குப் பொருந்தும். குட்டையானவர்கள் பெரிய பூ போடக் கூடாது என்று சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கும் உள்ளங்கைப் பூ பொருந்தும், கொடி மேலும் கீழுமாக ஓடினால் போதும். குறுக்காக வரிசை கட்டி நிற்கும் பூதான் அகலமாக்கும்.

இந்தப் பூக்கள் ஐரோப்பியக் குளிருக்குப் புதியவை அல்ல. சோழமண்டலக் கரையில், சாயவேர்ச் சிவப்பில் எழுதப்பட்ட சீட்டித் துணி 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போய் அங்கே எவ்வளவு பரவியது என்றால், உள்ளூர் நெசவைக் காக்கப் பிரான்சு 1686இல் அதற்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1701இலும், இன்னும் கடுமையாக 1721இலும் தடுத்தது. பிரான்சில் 1759 வரையும் இங்கிலாந்தில் 1774 வரையும் தடை நீடித்தது. அந்தக் காலத்துப் பெண்கள் குளிருக்குப் பூப்போட்ட பாவாடையின் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து உடுத்தினார்கள். சூடு உள்ளே, பூ வெளியே என்ற ஏற்பாடு அன்றே இருந்தது.

நீளம், இடுப்பு

பிரிட்டிஷ் இணையக் கடைகளில் படத்தில் நிற்கும் மாடல் பெரும்பாலும் 175 சென்டிமீட்டர் உயரம். அவருக்குக் கெண்டைக்காலில் நிற்கும் 120 சென்டிமீட்டர் டிரெஸ், 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். நைட்டி நீளம். வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கழுத்தோரத் தோள்பட்டையிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தால் 155 உயரத்துக்கு ஏறத்தாழ 130 வரும். கெண்டைக்காலின் பருத்த இடம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். பாவாடை ஓரம் அந்த இடத்தில் மட்டும் முடியக் கூடாது. கால் முழுவதும் அதே பருமன் என்று கண் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே, கால் ஒடுங்கும் இடத்தில் முடிய வேண்டுமானால் டிரெஸ் நீளம் 105 முதல் 108. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டுமானால் 88 முதல் 92. உங்கள் உயரம் வேறானால் இதே முறையில் அளந்துகொள்ளுங்கள்.

பெட்டீட் அளவுகள் 160 சென்டிமீட்டருக்கும் குறைந்தவர்களுக்கானவை. வெறும் நீளம் மட்டுமல்ல, தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள தூரமும் அதில் குறைத்து வெட்டப்பட்டிருக்கும். சாதாரண அளவை வாங்கிக் கீழே மட்டும் வெட்டினால் இடுப்புத் தையல் வயிற்றில் வந்து உட்காரும். ஆகவே இடுப்பில் தையல் உள்ள டிரெஸ் என்றால் பெட்டீட் எடுப்பது நல்லது.

நீளம் குறைக்க ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்களிடம் கொடுத்தால் போதும். கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள்: ஒரு முறை துவைத்துக் காய வையுங்கள், பிறகு ஒரு நாள் முழுவதும் ஹேங்கரில் தொங்க விடுங்கள். விஸ்கோஸ் துவைத்தால் சுருங்கும், தொங்கினால் சாய்வு வெட்டுள்ள இடங்களில் இறங்கும். இரண்டும் முடிந்த பிறகு வெட்டினால்தான் ஓரம் நேராக நிற்கும். அடுக்குப் பாவாடையில் கடைசி அடுக்கை வெட்டிச் சிறிதாக்கினால் அளவுப் பொருத்தம் கெட்டுவிடும். ஒவ்வொரு அடுக்குத் தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பிடிக்கச் சொல்லுங்கள்.

இடுப்பே இல்லாத டிரெஸ் கையில் இருந்தால் பெல்ட் கட்டுவது பலரும் செய்வது. பெல்ட் நழுவும், கோட்டுக்குள் முறுக்கிக்கொள்ளும். நிரந்தர வழி, உள்பக்கம் எலாஸ்டிக். பக்கவாட்டில் சாய்ந்தால் உடம்பு மடியும் இடம்தான் உண்மையான இடுப்பு; அங்கே சாக்பீஸால் சுற்றிலும் குறியுங்கள். 6 மில்லிமீட்டர் எலாஸ்டிக்கை இடுப்புச் சுற்றளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக வெட்டி, எலாஸ்டிக்கையும் குறியையும் நான்காகப் பிரித்து ஊசி குத்தி, இழுத்துப் பிடித்தபடி ஜிக்ஜாக் தையல் போட வேண்டும். பிரிக்காமல் தைத்தால் சுருக்கமெல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேரும். தையல் இயந்திரம் இருந்தால் அரை மணி நேர வேலை.

உள்ளே போடுவது

ஜப்பானியத் துணிக்கடை நிறுவனமான யூனிக்லோவின் ஹீட்டெக் என்ற தெர்மல் 2003இல் வந்தது. டோரே நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. ரேயான், அக்ரிலிக், பாலியஸ்டர், எலாஸ்டேன் கலந்த மெல்லிய பின்னல். உடம்பிலிருந்து வரும் ஆவியை ரேயான் உறிஞ்சும்போது சிறிது வெப்பம் வெளிப்படும் என்பதே அதன் அடிப்படை. சாதாரண ஹீட்டெக்கைவிட எக்ஸ்ட்ரா வார்ம் 1.5 மடங்கும் அல்ட்ரா வார்ம் 2.25 மடங்கும் சூடு என்பது நிறுவனம் தரும் கணக்கு. டிரெஸ்ஸுக்குள் போட எங்கள் தேர்வு சாதாரண வகைதான். டிரெஸ்ஸின் கைக்குள் மடியாமல் போகும், மார்பிலும் இடுப்பிலும் பருமன் கூட்டாது. எக்ஸ்ட்ரா வார்ம் உள்பக்கம் பஞ்சு போல வாரிவிடப்பட்டது. ஒட்டிய கையுள்ள டிரெஸ்ஸில் முழங்கை மடக்கச் சிரமம், நீடில்கார்டுக்குள் போடலாம். அல்ட்ரா வார்ம் டிரெஸ்ஸுக்குள் வேண்டாம். லண்டனில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: சென்ட்ரல், பேக்கர்லூ லைன் ரயில்களுக்குள் குளிர்காலத்திலும் வெக்கை. தடித்த தெர்மலோடு அரை மணி நேரம் அங்கே நின்றால் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிரும்.

அந்தச் சிக்கலுக்கு மெரினோ கம்பளி மேலானது. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய பின்னல் போதும். வியர்வையை உறிஞ்சிய பிறகும் உடம்பில் ஈரமாக ஒட்டாது, செயற்கை இழைபோல நாற்றம் பிடிக்காது. விலை இரண்டு மூன்று மடங்கு. தினமும் ரயிலில் போய்வருபவர்கள் இரண்டு மெரினோ வைத்துக்கொண்டால் வாரம் ஓடும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் ஹீட்ஜென் தெர்மலும் ஹீட்டெக்கும் ஒரே வேலைக்கானவை. கழுத்து இறக்கம் உங்கள் டிரெஸ்ஸுக்கு எதில் பொருந்துகிறதோ அதை எடுக்கலாம்.

கழுத்துதான் இங்கே எல்லாம். டிரெஸ்ஸின் கழுத்தோரம் தெர்மல் ஒரு விரல் எட்டிப் பார்த்தாலும் மொத்த அலங்காரமும் போயிற்று. ஒன்று, முழுக்க மறைய வேண்டும். அகலக் கழுத்தோ, மெல்லிய தோள்பட்டியுள்ள காமிசோலோ எடுங்கள். அல்லது முழுக்கத் தெரிய வேண்டும். வி கழுத்து டிரெஸ்ஸுக்குள் பூவில் உள்ள ஒரு நிறத்தில் மெல்லிய டர்ட்டில்நெக். கறுப்பு டர்ட்டில்நெக் எல்லாவற்றுக்கும் போகும் என்பார்கள். பூவில் கறுப்பு இருந்தால் மட்டும் போகும்.

காலுக்கு

டைட்ஸின் தடிமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள்; 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 15, 20 என்றால் கால் தெரியும்; 40இல் பாதி தெரியும்; 60, 80இல் தெரியாது; 100க்கு மேல் தடிமன். பூப்போட்ட டிரெஸ்ஸுக்கு 60 முதல் 80 சரி. 20 டெனியரில் கறுப்புப் போட்டால் மாலை விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கும், பூவோடு சேராது. தோல் நிறம் என்று விற்கும் பல டைட்ஸ் வெள்ளைத் தோலை நினைத்துச் செய்தவை. மாநிறக் காலில் சாம்பல் பூத்தது போல் தெரியும். உள்ளே ஃப்ளீஸ் வைத்து வெளியே மெல்லிய கறுப்பு வலை போலக் காட்டும் டைட்ஸிலும் இதே குறை. உள்அடுக்கு வெளிறிய நிறத்தில் இருப்பதால் கையின் நிறமும் காலின் நிறமும் வேறு வேறாகத் தெரியும். உள்ளும் வெளியும் ஒரே கறுப்பாக இருக்கும் ஃப்ளீஸ் டைட்ஸில் இந்தச் சிக்கல் இல்லை, 5 டிகிரிக்குக் கீழே அது நல்ல துணை.

வோல்ஃபோர்டின் வெல்வெட் டி லக்ஸ் 66 டைட்ஸ், பளபளப்பு இல்லாத ஆழ்ந்த கறுப்பு. விலை ஒன்றுக்கு 30 பவுண்டுக்கு மேல். தினசரிக்கு அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை, பெரிய நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஃபால்க்கேயின் சாஃப்ட்மெரினோ வெளியே மெரினோவும் உள்ளே பருத்தியுமான பின்னல் டைட்ஸ். தோல் அரிக்காது, சூடு நன்றாகத் தாங்கும். பின்னலின் கோடு தெரியும் என்பதால் விஸ்கோஸைவிட நீடில்கார்டுக்கும் கம்பளிக்கும்தான் அது சேரும். ஸ்காட்லாந்தின் ஸ்னாக் 2018இல் தொடங்கிய டைட்ஸ் நிறுவனம். உயரத்தையும் டிரெஸ் அளவையும் சேர்த்துப் பார்த்து அளவு சொல்கிறது. குட்டையாகவும் இடுப்பு பருத்தும் இருப்பவர்களுக்கு மற்ற நிறுவனங்களின் அட்டவணையில் சரியான அளவே இருக்காது. அவர்களுக்கு இது பெரிய உதவி. அரக்கு, கடுகு, பச்சை என்று நிறங்களும் நிறைய.

80 டெனியர் வாங்கியும் முழங்காலில் வெளுத்துத் தெரிகிறதென்றால் அளவு சிறியது. இழுபட்டு இழை பிரிந்திருக்கிறது. ஓர் அளவு பெரியது எடுங்கள். போடும்போது ஒரு காலை முழுவதும் ஏற்றிவிட்டு மறுகாலுக்குப் போகாமல், இரண்டையும் முழங்கால் வரை கொண்டுவந்து, பிறகு இரண்டையும் தொடை வரை, கடைசியாக இடுப்புக்கு ஏற்றினால் நடுத்தையல் இறங்காது.

டைட்ஸோடு டிரெஸ் ஒட்டிக்கொண்டு கால்களுக்கு நடுவே சொருகுவதுதான் இந்த உடுப்பின் பெரிய எதிரி. நைலானும் பாலியஸ்டரும் உரசினால் எதிரெதிர் மின்னேற்றம் பெறும். நைலான் டைட்ஸுக்கு மேல் பாலியஸ்டர் டிரெஸ் ஒட்டுவது அதனால்தான். நடுவே ஒரு ஸ்லிப் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பாலியஸ்டர் ஸ்லிப், அது தொல்லையை இரட்டிப்பாக்கும். விஸ்கோஸிலோ, அதைப் போன்ற குப்ரோ இழையிலோ இடுப்பிலிருந்து தொடங்கும் அரை ஸ்லிப் வாங்குங்கள், டிரெஸ்ஸைவிட 5 சென்டிமீட்டர் குறைவான நீளத்தில். புடவைக்குக் கட்டும் பருத்தி உள்பாவாடை இங்கே உதவாது. நாடா முடிச்சு இடுப்பில் புடைக்கும், துணி டைட்ஸைப் பிடிக்கும். வழியில் அவசரத்துக்கு: ஓரத்தின் உள்மடிப்பில் ஓர் ஊக்கு குத்தினால் ஓரளவு மின்னேற்றம் இறங்கும், ஈரக் கையால் டைட்ஸை மேலிருந்து கீழாகத் தடவினால் இன்னும் நன்றாக இறங்கும்.

மேலே

கார்டிகன் இடுப்பு எலும்புக்கு மேலேயே முடிய வேண்டும். பெல்ட்டோ எலாஸ்டிக்கோ இருக்கும் கோட்டில் முடிந்தால் மிகச் சரி. தொடை வரை இறங்கும் கார்டிகன் சுருக்கம் வைத்த பாவாடையை அமுக்கி, கீழே குடை போல விரிய விடும். புதிதாக வாங்க வேண்டாம் என்றால் இருப்பதன் கீழ்ப் பொத்தான்களைத் திறந்துவிட்டு, ஓரத்தை உள்ளுக்கு மடித்து இடுப்பில் ஒரு மெல்லிய எலாஸ்டிக் பட்டையில் சொருகிவிடலாம். புல்ஓவரையும் இதே போலச் சொருகினால் டிரெஸ் பாவாடையாக மாறிவிடும். ஆனால் பஃப் கையுள்ள டிரெஸ்மேல் புல்ஓவர் ஏறாது, தோளில் பொட்டலம் கட்டியது போல் நிற்கும். பஃப் கைக்கு வெளியே எதுவும் போடாமல் நேராகக் கோட்டுக்குப் போங்கள், அதுவும் தோள் இறங்கிய வெட்டோ, கழுத்திலிருந்தே தொடங்கும் ராக்ளன் கையோ உள்ள கோட்டுக்கு.

கோட்டின் நீளத்துக்கு இரண்டே தேர்வு. டிரெஸ் ஓரம் 5 முதல் 8 சென்டிமீட்டர் மட்டும் கீழே தெரியும்படி நீண்ட கம்பளிக் கோட், அல்லது இடுப்பிலேயே முடியும் ஜாக்கெட். 12 டிகிரி வரை இறங்கும் குளிருக்குக் குட்டை லெதரோ டெனிமோ போதும். தொடை நடுவில் நிற்கும் பஞ்சடைத்த ஜாக்கெட்டை மிடி டிரெஸ்மேல் போடுவதுதான் லண்டன் பஸ் நிறுத்தங்களில் நாம் அதிகம் பார்ப்பது, அழகைக் கெடுப்பதிலும் அதுதான் முதலிடம். கழுத்துக்குச் சுற்றும் ஸ்கார்ஃப் ஒரே நிறமாக இருக்கட்டும்.

பூட்ஸ்: மிடிக்கு முழங்கால் வரையுள்ள பூட்ஸ், அதன் மேல்விளிம்பு பாவாடை ஓரத்துக்குள் குறைந்தது 10 சென்டிமீட்டர் மறைய வேண்டும். நடக்கும்போது இடைவெளி திறக்காது, காற்றும் புகாது. கெண்டைக்காலில் ஒட்டி நிற்கும் வகை எடுங்கள். தொளதொளத்த பூட்ஸும் தொளதொளத்த பாவாடையும் சேர்ந்து இழுக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் டிரெஸ்ஸுக்குக் கணுக்கால் பூட்ஸ், டைட்ஸின் நிறத்திலேயே. பாலே ஷூவும் வெள்ளை ஸ்னீக்கரும் அக்டோபரோடு சரி.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் முழுவதும் தேவைப்படாது. டிசம்பர் இரவில் உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். உள்ளே கழற்ற முடியாத தெர்மலுக்குப் பதில் மெல்லிய கம்பளிக் கார்டிகனும் 60 டெனியர் டைட்ஸும் போதும். டொரொண்டோ ஜனவரிக்கு டைட்ஸின் மேல் கழற்றக்கூடிய கம்பளி லெக்கிங்ஸ் சேர்த்து, அலுவலகம் போய்க் கழற்றிவிடலாம். நீண்ட பூட்ஸுக்குள் அது தெரியாது.

சலவையில் விஸ்கோஸ் டிரெஸ்ஸை உள்புறம் வெளியே திருப்பி 30 டிகிரியில், குறைந்த சுழற்சியில் போடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், டிரையரில் போடவே வேண்டாம். துண்டில் சுருட்டி நீரை எடுத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே ஓரத்தை நீளவாக்கில் மெல்ல இழுத்துவிட்டு அகலமான ஹேங்கரில் மாட்டினால் சுருங்கிய நீளத்தில் ஓரளவு திரும்பி வரும். ரேடியேட்டர் மேல் போட்டுக் காய வைப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். விஸ்கோஸுக்கு அது வேண்டாம், சூடுபட்ட இடம் மட்டும் விறைத்துப் பளபளக்கும். நீடில்கார்டை உள்பக்கமிருந்து ஆவி இஸ்திரி மட்டும் போடுங்கள், நேராக அழுத்தினால் இழைமுடி படுத்துவிடும், பூவில் இஸ்திரிப் பெட்டியின் தடம் விழும்.